மெதுவாகத்தான் சொன்னேன்

இது நடந்தது 1987-ஆம் வருடம், மாசி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் இசை விழா நடத்தினார்கள். அதில் சனியும் ஞாயிறும் நானும் என் தோழியும் போயிருந்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ராஜபாளையத்தில் ஒரு தறி ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்யும் ஷெட். நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் கணவரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதினால் வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

தோழி என்று சொன்னாலும் அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தளவாய்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கணவர் இறந்துவிட்டார். அம்மாவும் ஒரு மகளும் அவள் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். பதினான்கு வயதில் தறிக்கு வந்தவள். என் தறிகளுக்கு அடுத்த நான்கு தறிகள் அவளுடையவை.

தறி ஷெட்டுக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும். முப்பது தறி ஒரே நேரத்தில் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பயந்துபோய் அழுதேன். மேஸ்திரி ஏதோ சொல்கிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மத்தியானம் தறி நின்றபோது அக்காதான் என் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பிவைத்துச் சொன்னாள்.

"காத விடுட்டி. வாயப் பாரு."

இரண்டு மாதம் எனக்குப் பழக்கினாள். முதலில் சின்னச் சின்ன வார்த்தை. சாப்டியா, இழை அறுந்துட்டு, மேஸ்திரி வாராரு. பிறகு பெரிய பேச்செல்லாம் வந்தது. மூன்றாவது மாதத்தில், இருபதடி தள்ளி நிற்கும் ஒருத்தி என்ன சொல்கிறாள் என்று உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நானும் அவளும் நாள் முழுக்கப் பேசுவோம். வாய் அசையும், சத்தம் இருக்காது. சிரிப்பு மட்டும் வரும். ஊர்க்கதை, வீட்டுக்கதை, மேஸ்திரியின் கைலிக்கதை என்று எதையும் விட்டதில்லை. வெளியில் வாய் திறக்காத நான் அந்தச் சத்தத்துக்குள் பேசியதைப் போல் என் வாழ்க்கையில் வேறு எங்கும் பேசியதில்லை.

அக்காவின் காது போய்க்கொண்டிருந்தது. வலது காது ஏற்கெனவே முக்கால்வாசி இல்லை. மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, தறியை விட்டால் இடது காதாவது கொஞ்ச காலம் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தறியை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அவள் விடவில்லை. அதைப் பற்றி அதிகம் புலம்பவும் மாட்டாள். ஒரே ஒரு வருத்தம்தான் அவளுக்கு. ரேடியோவில் ஒரு பெண்மணி பாடுவார். கச்சேரிப் பாட்டெல்லாம் எங்களுக்குப் புரியாது. ஆனால் அந்தக் குரல் வந்தால் அக்கா ரேடியோப் பெட்டியைத் தூக்கி இடது காதோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்று அவள் அம்மா சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெண்மணி ஸ்ரீவில்லிபுத்தூர் விழாவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடுகிறார் என்று சுவரொட்டி பார்த்துவிட்டு வந்தாள்.

"இந்தக் காது இருக்கும்போதே ஒரு தடவ அந்தம்மா பாட்ட நேர்ல கேட்டுறணும்ட்டி. தனியாப் போனா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். நீ கூட வாரியா?" என்று கேட்டாள்.

நானும் சரி என்றேன். அவள் சித்தி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்ததால் தங்குவதற்கும் இடம் இருந்தது. மேஸ்திரியிடம் சனிக்கிழமைக்கு லீவு கேட்டது அக்காதான். எனக்கும் சேர்த்து அவளே கேட்டாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பண்டகசாலையில் குமாஸ்தா. அவருடைய அக்கா ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஒரு மாதத்துக்கு முன்பு டீச்சர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். சம்பளக்காரக் குடும்பம், தறிக்குப் போகிற பெண் என்றால் யோசிப்பார்கள் என்று பயந்து, எங்கள் அம்மா, "பிள்ளை வீட்டோடதான் இருக்கா, தையல் படிக்கா" என்று சொல்லிவிட்டார். அதைச் சொன்ன நேரம் மட்டும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். வரன் பேசுவது என் தறி அக்காவுக்குத் தெரியும். இந்தப் பொய் மட்டும் தெரியாது. நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அக்கா தலை நிறைய பூ வைத்து, மாம்பழக் கலரில் ஒரு சேலை கட்டியிருந்தாள். கண்டக்டர் சில்லறை கேட்டபோது அவள் சொன்ன பதில் பஸ் முழுக்கக் கேட்டது. காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியாது. தறிக்காரர்கள் எல்லோருமே கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவோம். அக்கா எங்களிலும் சத்தம்.

அன்றைக்கு நாதஸ்வரக் கச்சேரி. முதலில் கூச்சப்பட்டுக் கடைசியில் போய் உட்கார்ந்தோம். அக்கா கொஞ்ச நேரம் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஈ பறக்குத மாதிரி இருக்குட்டி, ஒண்ணும் விளங்கல" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகவே முன்னால் போனாள். மேடைக்கு இடது பக்கம் ஒரு மேசைமேல் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தார்கள். அதன் சத்தத்துக்குப் பயந்து அங்கே யாருமே உட்காரவில்லை. ஜமுக்காளம் காலியாகக் கிடந்தது. இடது காதைப் பெட்டிப் பக்கம் வைத்து அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். உள்ளங்கையை மேசைக்காலில் வைத்துக்கொண்டு, "கையில ஏறுதுட்டி, கையில ஏறுது" என்றாள்.

அதைக் கேட்டுப் பின்னால் இருந்த ஒரு அம்மாள் சலித்துக்கொண்டார். "ஏத்தா, மேளக்காரர அனுப்பிட்டு உன்னைய மேடையில ஏத்திரலாம் போலிருக்கே" என்றார். அக்கா அப்போது திரும்பித்தான் இருந்தாள். அந்த அம்மாளின் வாயைப் பார்த்துவிட்டு, "ஏத்துங்கம்மா, பூசணிக்கா மாதிரி உக்காந்து சிரிக்கவாவது செய்வேன்" என்றாள். அந்த அம்மாளே சிரித்துவிட்டார். கச்சேரி முடிவதற்குள் இரண்டு பேரும் பழகிவிட்டார்கள். அந்த அம்மாளின் சம்பந்தி வீடு தேவதானம் என்பதுவரை தெரிந்துகொண்டோம். நான் மட்டும் யாராவது நம்மைப் பார்க்கிறார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் யாரும் வந்திருக்கக் கூடாதே என்று அப்போதே ஒரு பயம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை நன்றாக இருந்தது. அந்த இரண்டு நாளில் நான் வெட்கப்படாமல் நினைத்துப் பார்க்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான். கோயிலுக்குப் போனோம். குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பால்கோவாக் கடையில் சூடாக வாங்கி இலையில் வைத்துத் தின்றோம். சித்தி வீட்டில் எனக்குத் தனியாக முட்டை வேகவைத்துக் கொடுத்தார்கள், கல்யாணப் பெண் என்று. "கல்யாணம் முடிஞ்சு இந்த ஊருக்கே வந்துருவல்ல, பொறவு வருசா வருசம் நான் உன் வீட்டுல வந்து தங்கித்தான் கச்சேரி கேப்பேன். விரட்டிறாத" என்று அக்கா சொன்னாள். விரட்ட மாட்டேன் என்று சொல்லிச் சிரித்தேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கச்சேரி. நாங்கள் நான்கு மணிக்கே போய் அதே ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டோம். ஐந்து மணிக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. பந்தல் வாசலில் சந்தனம், குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்த டீச்சர். நான் தலையைக் குனிவதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். நேரே வந்து, "நீ எங்கம்மா இங்க? தரையில உக்காந்திருக்க? வா, என் பக்கத்துல நாற்காலி இருக்கு" என்று கையைப் பிடித்தார்.

அப்போதே நான், இவள் என் தோழி, இவளோடுதான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா ஏதோ புரிந்துகொண்டு, போ போ என்று கையைக் காட்டினாள். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று ஊகித்திருப்பாள். அவளுக்குச் சந்தோஷம்தான். "செத்த நேரத்துல வந்துருதேன்" என்று மெல்ல வாயசைத்துவிட்டுப் போனேன்.

டீச்சருக்குப் பக்கத்தில் மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அக்கா இருந்த இடம் பதினைந்தடிகூட இருக்காது. எங்களுக்கு முன்னால், இடது ஓரமாக. அவள் பூவும் முதுகும் தெரிந்தன.

அந்தப் பெண்மணி மேடைக்கு வந்தார். பாட ஆரம்பித்தார். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது பாட்டு. நல்ல குரல் என்பது எனக்கே தெரிந்தது. பாட்டு ஓரிடத்தில் மெல்ல இறங்கி, பக்கவாத்தியமெல்லாம் அடங்கி, அந்தக் குரல் மட்டும் தனியாக நின்றது. பந்தலே மூச்சு விடாமல் இருந்தது. அப்போது அக்காவின் குரல் கேட்டது.

"ஆத்தாடி, என் காதுக்குள்ள வந்துட்டாவளே!"

பக்கத்தில் யாரிடமோ ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். பந்தல் முழுக்கக் கேட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேடையில் இருந்தவர்கூட ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்து பாடினார். நாற்காலி வரிசையில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். யார் இதையெல்லாம் உள்ளே விட்டது என்று ஒருவர் கேட்டார்.

டீச்சர் என் பக்கம் சாய்ந்தார். "அந்தப் பொம்பள உன் பக்கத்துலதான உக்காந்திருந்தா? உனக்குத் தெரிஞ்சவளா?" என்று கேட்டார்.

அவர் குறையாக ஒன்றும் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பயம். தெரிந்தவள் என்றால் எப்படித் தெரியும் என்பார். எங்கே வேலை பார்க்கிறாள் என்பார். தறி என்று வரும். அம்மா சொன்ன பொய் வெளியே வரும். இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"இல்ல டீச்சர். பஸ்ல பக்கத்துல வந்தாவ. யாருன்னு தெரியாது" என்றேன்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட என் பாவம் பாதியாகியிருக்கும். டீச்சர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

"தறிக்காரி போலருக்கு. தறிக்காரிகளுக்கு மெதுவாப் பேசத் தெரியாது."

மெதுவாகத்தான் சொன்னேன். பின்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அக்கா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் சந்தோஷத்தைச் சொல்லத்தான் திரும்பியிருக்கிறாள். ஷெட்டில் ஏதாவது நல்லது நடந்தால் அவள் முதலில் என் முகத்தைத்தான் தேடுவாள். முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. கண் மட்டும் என் உதட்டில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

காது கேட்காதவள், பதினைந்தடி தள்ளி, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறாள், அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சொல்லியிருக்கிறேன். வாயைப் பார்த்துப் பேச்சைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். முந்தின நாள்கூட அந்த அம்மாளுக்கு அப்படித்தான் பதில் சொன்னாள். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. காதால் மட்டும் கேட்கிற சாதாரண ஆட்களோடு நாற்காலியில் உட்கார்ந்ததும் நானும் சாதாரண ஆளைப் போலவே யோசித்துவிட்டேன்.

அதற்குள் சட்டையில் அட்டை குத்திய ஒரு ஆள் அக்காவிடம் வந்தார். விழா நடத்துகிறவர்களில் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார். குனிந்து ஏதோ கேட்டார். எனக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவர் கேட்டது தெரியவில்லை. அக்காவின் முகம் தெரிந்தது. அவள் பதில் சொன்னாள். சத்தம் வரவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாகப் பேசியிருக்க மாட்டாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் பழக்கிவிட்ட கண் எனக்கும் இருந்ததே.

"யாருமில்லிங்க. தனியாத்தான் வந்தேன்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எழுந்தாள். சேலையை உதறிச் சரிசெய்தாள். ஓரமாகவே நடந்து, மூங்கில் தடுப்பைத் தாண்டி, கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கே போனால் அவளுக்கு ஈ பறக்கிற மாதிரிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் வருஷக்கணக்காக ஆசைப்பட்டு வந்த கச்சேரியில் ஒன்றரைப் பாட்டுதான் கேட்டிருந்தாள்.

நான் எழுந்து போகவில்லை. எழுந்து போவதற்கு ஒரு நிமிஷம் போதும். டீச்சரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம், தலைவலி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கை தட்டும்போது நானும் தட்டினேன். டீச்சர் என்னிடம் இரண்டொரு தடவை ஏதோ கேட்டார். தலையாட்டினேன்.

கச்சேரி முடிந்து பந்தலுக்கு வெளியே தேடினேன். அவள் இல்லை. சித்தி வீட்டுக்கு ஓடினேன். என் துணிப்பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் எங்கள் அம்மாவுக்கு என்று நாங்கள் காலையில் வாங்கிய பால்கோவாப் பொட்டலமும் இருந்தது.

"அவளுக்குத் தலைய வலிக்குன்னு அப்பமே பஸ் ஏறிட்டாளே. உன்னைய மாப்பிள்ள வீட்டுக்காரவிய கூட்டிட்டுப் போயிருக்காவன்னு சொன்னா. நல்ல மரியாதையா நடத்துதாவளாம்ல?" என்று சித்தி சந்தோஷமாகக் கேட்டார். எனக்காக அவள் அங்கேயும் ஒரு பேச்சைச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அன்று ராத்திரி கடைசி பஸ்ஸில் அக்காவின் சித்தப்பா என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போகும்போது, அவள் திட்டுவாள், நான் அழுதுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் திட்டவில்லை. என் தறியில் இழை அறுந்தபோது வழக்கம்போல வந்து பிணைத்துக் கொடுத்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது என் தறிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். ஒன்று மட்டும் செய்யவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஷெட்டில் ஒருத்தரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் நம் முகத்தைப் பார்த்தாக வேண்டும். நான் அவள் எதிரே போய் நின்று, அக்கா மன்னிச்சிரு, அக்கா மன்னிச்சிரு என்று வாயசைத்தேன். அவள் கண் துணியில் இருந்தது. தோளைத் தொட்டேன். தோளை இழுத்துக்கொள்ளவில்லை, திரும்பவும் இல்லை. சாயங்காலம் தறி நின்றதும் நான் கைகழுவி வருவதற்குள் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அப்படியே மூன்று மாதம். வைகாசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டு நின்றேன். பத்திரிகை கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு வரவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன். நல்ல குடும்பம். டீச்சர் என்னைத் தங்கை மாதிரிதான் நடத்தினார். தறி விஷயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை. ஏழு வருஷம் கழித்து ஒருநாள், காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது டீச்சரே சொன்னார். பேச்சுவாக்கில், ஒன்றுமில்லாத விஷயம் போலச் சொன்னார்.

"நீ தறிக்குப் போனவன்னு எனக்கு மொத நாளே தெரியும். நான் பேசும்போது என் கண்ணப் பாக்காம வாயவே பாத்துக்கிட்டிருந்த. எங்கிட்டப் படிச்சிட்டுத் தறிக்குப் போன பிள்ளைக எல்லாம் அப்படித்தான் பாக்கும். உழைக்கிற பிள்ளைன்னுதான் உன்னையப் பிடிச்சுது."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் இன்னொன்றும் சொன்னார்.

"அன்னைக்குக் கச்சேரியில அந்தப் பொம்பளயப் பத்தி நீ சொன்னதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. சின்னப் பிள்ளை, பயத்துல சொல்லுதான்னு விட்டுட்டேன்."

ஆக, அந்தப் பொய் யாரையும் ஏமாற்றவில்லை. காப்பாற்ற வேண்டியது என்று நான் பயந்த ஒன்று, காப்பாற்றத் தேவையே இல்லாமல் இருந்திருக்கிறது. அதற்காகத்தான் அவளை விட்டுக்கொடுத்தேன்.

அதன் பிறகும் தளவாய்புரம் போக எனக்கு இரண்டு வருஷம் ஆனது. பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்த நாளெல்லாம் உண்டு. கடைசியாக 1996-இல், ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவள் தறியை விட்டுவிட்டு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடது காதும் போய்விட்டது.

உள்ளே போய் எதிரே நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது. உட்காரச் சொல்லி முக்காலியைக் காட்டினாள். கண்ணை என் உதட்டில் வைத்தாள்.

சொன்னேன். அம்மா சொன்ன பொய்யிலிருந்து டீச்சர் காய் நறுக்கும்போது சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்து உதடு கோணியபோது, "அழுதுட்டுச் சொல்லு, வெளங்கல" என்றாள். அழுதுவிட்டுச் சொன்னேன். முடித்ததும் அவள் பெருமூச்சு விட்டாள்.

"அன்னைக்கே பாத்துட்டனே. திருப்பி எதுக்குச் சொல்லுத?" என்றாள். அதே உயர்ந்த குரல். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"நான் வெளிய போன பொறவு அந்தம்மா என்னென்ன பாடுனாவ?"

கோபத்தில் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இத்தனை வருஷம் அந்தக் கேள்வியை வைத்திருந்திருக்கிறாள். பதில் சொல்ல உலகத்தில் அவளுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

நான் யோசித்தேன். மேடை விளக்கு நினைவில் இருந்தது. டீச்சரின் சேலைக்கரை நினைவில் இருந்தது. ஒரு பாட்டுக்கூட, ஒரு வரிகூட நினைவில் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் என் காதில் ஒன்றும் விழவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா. நான் கேக்கல" என்றேன்.

"ரெண்டு காதையும் வச்சுக்கிட்டா?" என்றாள். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எழுந்து போய் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். வெயில் தாழ்ந்ததும் பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தாள்.

மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை. ஆனால் இன்றைக்கும் யாரைப் பற்றியாவது அவர்களுக்குக் கேட்காது என்று மெதுவாகப் பேச வாயெடுத்தால், எதிரே அவள் உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது. சொல்ல வந்ததைப் பாதியிலேயே விழுங்கிவிடுகிறேன்.